உப்புச் சர்க்கரையும் கறுப்புக் கட்டமும்

இந்த நாட்டுக்காரர்கள் சொந்தபந்தங்களின் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறையில் மாட்டி வைக்கிறார்கள். பொய்யில்லை. ஹாலந்துக்கு வந்த புதிதில், பம்ப் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் ஹெங்க் என்பவன் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது கண்ணால் பார்த்தேன். உட்கார்ந்தால் நேர் எதிரே சுவரில் அவனுடைய பெரியம்மா, சித்தப்பா, ஒன்றுவிட்ட தம்பி என்று சகலரும் தேதி வாரியாகத் தொங்குகிறார்கள். தினமும் தவறாமல் போகிற இடம் அது ஒன்றுதானே, வாழ்த்துச் சொல்ல மறக்காது என்றான். பெரியவர்களின் பெயரைக் கொண்டுபோய் அங்கே மாட்டுவதா என்று என் மனைவி தேவகி இரண்டு நாள் ஆறாமல் புலம்பினாள். எனக்கு வேறு விதமாகத் தோன்றியது. ஹெங்குக்குத் தன் சித்தப்பாவின் பிறந்த தேதி தெரியும், ஆனால் அவரைப் பார்த்து நான்கு வருடமாகிறது. எனக்கு என் அம்மாவின் பிறந்த தேதி தெரியாது. பவானியில் வெள்ளம் வந்த ஒரு ஆடி மாதம் என்பதோடு சரி. ஆனால் யாருக்கு யார் என்ன முறை என்று நடுரோட்டில் நிறுத்திக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

இன்னொரு வேடிக்கை, இவர்களுடைய பிஸ்கட் டப்பா. விருந்தாளி வந்தால் காப்பியோடு டப்பா திறக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததும் டக்கென்று மூடி அலமாரிக்குப் போய்விடும். முதல் தடவை நம் ஊர் வழக்கப்படி "வேண்டாங்க" என்று மரியாதைக்குச் சொல்லி வைத்தேன். இரண்டாம் முறை கேட்பார்கள், மூன்றாம் முறை தட்டில் வைத்தே விடுவார்கள் என்று காத்திருந்தேன். ஹெங்கின் மனைவி சிரித்த முகத்தோடு டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்று பசியோடு சைக்கிள் மிதித்து வீடு வந்து சேர்ந்தேன். சர்க்கரைக்காரன் குடியிருக்க இதைவிடத் தோதான நாடு கிடையாது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தொண்ணூற்றாறாம் வருடம் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு நாற்பது வயது. உடம்பில் சதை பிடிக்கவில்லை என்று கல்யாணத்துக்கு முன்பு அம்மா கவலைப்பட்ட அதே உடம்புதான் இன்றும். தினம் பத்து கிலோமீட்டர் சைக்கிள். ஹெங்க் கதை வேறு. அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி குரல் கொடுக்கும். வெண்ணெயை ரொட்டிக்குச் சமமான கனத்துக்குத் தடவுவான். ஆப்பிள் பணியாரம் போல ஒன்று செய்கிறார்கள், அப்பல்தார்த் என்று பெயர், அதில் கால்வாசியை ஒரே ஆளாக முடிப்பான். ரிசல்ட் வந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை. என்னை ஹௌசார்ட்ஸைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். ஹௌசார்ட்ஸ் என்றால் அந்தந்தத் தெருக்காரர்களுக்கென்று இருக்கும் குடும்ப டாக்டர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அநியாயமாக இருந்தது. "டாக்டர், சீட்டு மாறிப்போயிருக்கும். அது ஹெங்குடைய ரத்தம்" என்றேன். உயரமான, பொறுமைசாலியான அம்மாள் அவர். சிரித்துவிட்டு, இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். மாறவில்லை. சௌகர்சீக்தே, அதாவது சர்க்கரை வியாதி, என்று சொல்லும் அளவுக்கு ஏறவில்லை, இல்லை என்று கைகழுவும் அளவுக்குக் குறைவாகவும் இல்லை, நடுவில் நிற்கிறது என்றார். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே, வயது குறைவாக இருக்கும்போதே இது வருகிறது. ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது. பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வாங்கி வரும் மரபணுக்களில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கின்றன. இந்த வியாதிக்கு ஒரே ஒரு மரபணுவைக் கைகாட்ட முடியாது, பல இடங்களில் இருக்கும் சிறு வித்தியாசங்கள் சேர்ந்துகொண்டு ஆளைச் சாய்க்கின்றன, எந்தெந்த இடம் என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று விளக்கினார். அதனால் குடும்பத்தைப் பார்ப்பதுதான் இப்போதைக்கு வழி என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?"

"ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் ஒருவர். பங்காளிகள் என்று பார்த்தால் இருநூறு முந்நூறு பேர் தேறுவார்கள்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு அண்ணன் தம்பி, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்று எனக்குத் தெரிந்த டச்சு மொழியில் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. ஒரு வயிற்று அண்ணன் மட்டும் போதும் என்றார். அடுத்தது மனைவி வழி. "அவள் வழியும் என் வழிதான். அவளுடைய அப்பா என் அம்மாவின் தம்பி" என்றேன். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டு, எனக்கும் தேவகிக்கும் நடுவில் மட்டும், சொந்தத்துக்குள் கட்டியதற்கு அடையாளமாக, ரெட்டைக் கோடு இழுத்தார். வியாதி உள்ளவர்களுக்குக் கறுப்பு. என் கட்டத்தைப் பென்சிலால் பாதி மட்டும் தீட்டினார். கீழே எங்கள் மகனும் மகளும் வெள்ளையாக நின்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே மரத்திலிருந்து வருவதால், அந்தப் பக்கம் யாருக்கு இருக்கிறது என்று கட்டாயம் தெரிய வேண்டும், உங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாருங்கள் என்று தாளை என் கையில் கொடுத்தார். "எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னது பொய் என்று எனக்கே தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியநாயக்கன்பாளையத்துக்கு போன் போட்டேன். அண்ணன் நாச்சிமுத்து அங்கே சின்னதாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். குரல் எப்போதும் பட்டறைச் சத்தத்துக்கு மேலே போகும். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் குரல் குசுகுசுவென்று ஆனது.

"நம்மூட்ல ஆருக்கும் அதெல்லாம் இல்ல கண்ணு. நீ வேற போன்ல அதப் பேசிபோடாத. கவிதாவுக்குச் சம்பந்தம் வந்திருக்குது. காங்கயத்துல எண்ணெய் மில்லு வெச்சிருக்கறாங்க. உப்புச் சர்க்கரைக்கு நீயும் தேவகியும் வந்தாகோணும்."

கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் ஒரு சம்பந்தம் உறுதியாக வேண்டும் என்றால் இரு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொள்வார்கள். சர்க்கரை என்றால் பழுப்பாக இருக்கும் நாட்டுச் சர்க்கரை. கடையில் விற்கும் வெள்ளைச் சர்க்கரைக்கு எங்கள் பக்கம் அஸ்கா என்று பெயர். மாற்றிய சர்க்கரையை இரு பக்கத்துப் பெரியவர்களும் வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது. கவிதா அண்ணனுக்கு ஒரே பெண்பிள்ளை, விலங்கியல் படித்தவள். விடுமுறை சேர்த்து எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை ஹெங்க் வீட்டில் விட்டுவிட்டு, டாக்டர் கொடுத்த தாளையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

உண்மை எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில். மெகருன்னிசா அக்காவை எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். அவர் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஊருக்குப் போன அன்று சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். குளிர்ந்த தண்ணீர் எடுக்க அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். முட்டை வைக்கும் வரிசையில் முட்டைக்குப் பதில் இரண்டு மருந்து டப்பாக்கள். ஒன்றின் மேல் நீல மையில் 'நா.மு.' என்று எழுதியிருந்தது. பட்டறைப் பில்லில் அண்ணன் போடும் எழுத்து எனக்குத் தெரியாதா?

"அக்கா, இது இன்சுலினுங்களா?"

அக்கா ஃபிரிட்ஜ் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "அண்ணனோடது தம்பி, ரெண்டு வருசமாச்சு. உங்கூட்டு ஃபிரிட்ஜ வாரவங்க போறவங்கெல்லாம் தொறந்து தண்ணி எடுக்கறாங்களாமா, கண்ணுல பட்டுரும்னு இங்க வெச்சிருக்கறாரு. இன்னொண்ணு சத்தியமங்கலத்துலருந்து வந்திருக்கற உங்க மாமாவோடது. ஒருத்தருக்கு இருக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது. என்ற ஃபிரிட்ஜுக்குத்தான் எல்லாந் தெரியும்."

சிரிக்கத்தான் செய்தேன். சத்தியமங்கலத்து மாமா என்றால் தேவகியின் அப்பா. மாமனும் மருமகனும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து டப்பாவை வைத்துவிட்டு, பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு ஜிலேபி கேட்டு வாங்கித் தின்கிற காட்சி கண்ணில் வந்தது. எங்கள் பக்கம் எவன் இனிப்பை அதட்டிக் கேட்டு வாங்குகிறானோ அவனுக்குத்தான் இருக்கிறது என்று இப்போது புரிகிறது. ஆனால் அக்கா அடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மொதமொதல்ல இங்க கொண்டாந்து வெச்சது உங்கம்மாதான் தம்பி."

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காலில் முள் குத்திய புண், சீழ் வைத்துவிட்டது, வயசாகிவிட்டது இல்லையா என்றுதான் போனில் சொன்னார்கள். காட்டுக்குள் வெறுங்காலோடு நடந்த ஒருத்தியை ஒரு முள் கொன்றுவிடுமா என்று நானும் கேட்கவில்லை. தூர தேசத்தில் இருக்கும் மகன் கவலைப்படுவான் என்று அம்மாவே எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அக்கா கொடுத்த தண்ணீரைக் கீழே வைத்தேன். அழுகையும் வந்தது, அண்ணன் மேல் ஆத்திரமும் வந்தது, அவருடைய காலைப் பற்றிய பயமும் வந்தது. பிறகு தாளை அங்கேயே எடுத்து, அக்காவிடம் பேனா வாங்கி, அம்மாவின் வட்டத்தையும் மாமாவின் கட்டத்தையும் அண்ணனின் கட்டத்தையும் கறுப்பாக்கினேன். தாளைக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்தேன். முக்கியமான காகிதம் எதுவானாலும் எங்கள் வீட்டில் அங்கேதான் வைப்போம்.

வைத்ததுதான் பிசகு. மறுநாள் காலை காங்கயத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா குப்புசாமி நல்ல வாட்டசாட்டமான மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, கூடவே இதமான கொப்பரை வாசம். ஜமக்காளத்தில் உட்கார்ந்து காப்பி குடித்த கையோடு, பெண்ணின் ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாமே என்றார். அண்ணன் சாமி அலமாரியிலிருந்து மஞ்சள் தடவிய ஜாதகத்தை எடுத்து வந்தார். அதோடு ஒட்டிக்கொண்டு என் தாளும் வந்துவிட்டது. குப்புசாமி இரண்டையும் பிரித்தார். ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு என் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ஏனுங்க தம்பி, இது வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் ஜாதகமுங்களா? கட்டமெல்லாம் புதுசா இருக்குதே. நடுவால வட்டம் வேற வருது." விரலை அண்ணனின் கட்டத்தில் வைத்தார். "இந்தக் கறுப்புக் கட்டம் சனிங்களா?"

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சனி நான்தான் என்பது போல என்னைப் பார்த்தார். 'எதுவும் சொல்லிவிடாதே' என்று அவருடைய கண் கெஞ்சியது. எனக்கும் முதலில் பொய்தான் நாக்கு நுனிக்கு வந்தது. ஆமாங்க, கம்ப்யூட்டர் ஜாதகம் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையோடு கவிதா நிற்பது தெரிந்தது. பொய் சொன்னால் அவள் கல்யாணம் நடக்கும், உண்மையைச் சொன்னால் நின்று போகலாம். ஆனால் அந்த முள் கதை என் தொண்டையில் இன்னும் இறங்காமல் இருந்தது.

"ஜாதகமில்லீங்க. எங்கூட்ல ஆராருக்குச் சர்க்கரை வியாதி இருக்குதுன்னு டாக்டரம்மா எழுதியாறச் சொன்ன தாளுங்க. கறுப்பா இருக்கறவங்களுக்கு இருக்குதுங்க. அது எங்க அண்ணனுங்க. மேல எங்கம்மாவுங்க. இந்தப் பாதிக் கட்டம் நானுங்க."

வேன் டிரைவர் வெளியே காறித் துப்பிய சத்தம் கேட்டது. தட்டில் உப்பும் சர்க்கரையும் தொடாமல் இருந்தன. குப்புசாமி தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி நேராகப் பிடித்தார். சம்பந்தத்தை நானே கெடுத்துவிட்டேன், இனி இந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன் என்று நினைத்தேன்.

"பேனா இருக்குதுங்களா தம்பி?"

கொடுத்தேன்.

"எங்கூட்டுக்கு இதுல எடமிருக்குமுங்களா?"

அவர் என்ன கேட்கிறார் என்று முதலில் பிடிபடவில்லை. அண்ணனின் கட்டத்துக்குக் கீழே கவிதாவுக்கு ஒரு வட்டமும், அதன் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு கட்டமும் போட்டு, அதற்கு மேலே அவருக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளைத் தொடையில் வைத்து, தன் கட்டத்தைத் தானே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓரம் வழியாமல் கறுப்பாகத் தீட்டினார்.

அவர் மனைவி பதறிப்போய் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். "ஏனுங்க, இத்தன பேரு முன்னால என்ன காரியம் பண்றீங்க!"

"இருக்கட்டும் அம்மணி. அவிங்க சொல்லிபோட்டாங்க. நாம மட்டும் மூடி வெச்சா நல்லாருக்குமா?" என்று வெற்றிலைப் பையின் உள்ளறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "சர்க்கரையத் தின்னுபோட்டு, வெளிய போற மாதிரிப் போயி ரெண்டா முழுங்கிக்கலாம்னுதான் கொண்டாந்தேன் சம்பந்தி."

தம்பி என்று கூப்பிட்டவர் சம்பந்தி என்றதை முதலில் கவனித்தவர் அண்ணன்தான். அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். சமையல்கட்டு வாசலில் இருந்து மாமா, "அப்ப என்ற டப்பாவயும் எடுத்தாரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்க, கூடமே சிரித்தது. தேவகி தன் அப்பாவை முறைத்த முறைப்பை என்னால் மறக்க முடியாது.

கவிதா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கேட்டாள். "அப்ப எங்களுக்கும் வந்துருமுங்களா சித்தப்பா? ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்குதே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் அம்மாள் சொன்னதை அங்கே எப்படிச் சொல்வது? பட்டறை வழியாகத்தான் எனக்குச் சொல்ல வந்தது. ஒரே கம்பெனியில் ஒரே நாளில் செய்த இரண்டு மோட்டார். கரண்ட் ஓல்டேஜ் குறைந்தால் ஒன்றின் காயில் கருகுகிறது, இன்னொன்று தாங்குகிறது. உள்ளே சுற்றும்போதே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வித்தியாசங்கள். ஹெங்க் தாங்குகிற மோட்டார். நம் வீட்டு மோட்டாருக்குக் கருகும் குணம் அதிகம். அதற்காகக் கருகியே தீரும் என்று எழுதி வைத்திருக்கவில்லை. ஓல்டேஜைப் பார்த்துக்கொண்டு, மேல்பாரம் ஏற்றாமல், வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தால் ஓடும். முன்கூட்டித் தெரிந்தால்தானே அப்படிப் பார்த்துக்கொள்ள முடியும் என்றேன்.

"அட, இவ்வளவுதானுங்களா?" என்றார் குப்புசாமி. "இதுக்கா இத்தன வருசம் பயந்துட்டிருந்தோம்? எங்க பையனுக்கும் ரத்தம் பாத்துபோடலாம். இப்ப அந்தத் தட்ட இப்பிடித் தள்ளுங்க."

உப்பும் சர்க்கரையும் கை மாறின. இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கு ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரையை நாக்கில் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் வைத்தது சிட்டிகையிலும் பாதி. அப்போதும் குப்புசாமி, "அது போதுமுங்க" என்று கையைப் பிடித்தார். பிஸ்கட் டப்பாவை மூடுகிற ஹெங்கின் மனைவி ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அண்ணனின் டப்பா அன்று மத்தியானமே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்துவிட்டது. முட்டை வைக்க இப்பத்தான் இடம் கிடைத்தது என்று மெகர் அக்கா கிண்டலடித்தார். ஊர் கிளம்புவதற்குள் தேவகி ரத்தம் பார்த்துக்கொண்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. சம்பந்தம் பேசி முடித்த அன்றைக்கே, தாளை நான் எடுத்து வைக்கப் போனபோது குப்புசாமி விடவில்லை. இரண்டு வீடும் சேர்ந்து எழுதிய காகிதம், அது ஜாதகங்களோடு இருக்க வேண்டும் என்றார். மஞ்சள் தடவி அதையும் சாமி அலமாரியில் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நான் விமானம் ஏறினேன்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறது. தேவகி அதைச் சமையலறையில்தான் மாட்ட விட்டாள். அதில் பிறந்தநாள் ஒன்றுகூட இல்லை. அண்ணனுக்கு ரத்தப் பரிசோதனை, மாமாவுக்குக் கண் பரிசோதனை, சம்பந்திக்குக் கால் பார்க்க வேண்டும் என்று அவள் கையெழுத்தில் மாதாமாதம் இருக்கிறது. அந்தத் தேதிகளில் போன் போட்டு இருவரும் அதட்டுகிறோம். ஹெங்க் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டான். என் அண்ணன் காலுக்கு என்றேன். ஒன்றும் புரியாமல் வாழ்த்துச் சொன்னான். இந்த ஊரில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் வீட்டிலிருக்கும் அத்தனை பேருக்கும் வாழ்த்துச் சொல்வது வழக்கம்.

போன வாரம் டாக்டர் அம்மாள் என் ரத்தத்தை மறுபடி பார்த்தார். நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனாலும் இந்தக் கோடுகள் மாறாது, வருடா வருடம் வர வேண்டும் என்றார். ஜெராக்ஸைப் பிரித்து வைத்து, யார் யார் எங்கே என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். காங்கயத்துக் கட்டத்தின் கதையைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து, "உங்கள் கட்டத்தில் இருக்கும் பென்சிலை இப்போதைக்கு எடுத்துவிடலாம்" என்று தேய்த்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். அது ஜெராக்ஸ் மை, எப்படிப் போகும்? தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நகல் அல்லவா? அசல் எங்கே?" என்று கேட்டார்.

"ஊரில் இருக்கிறது" என்றேன்.